குன்றிமணிப் பொன்னுக்கும் கணக்கு வைத்த சோழ இளவரசி

தஞ்சைப் பெரிய கோயிலுக்குப் போகிறவர்கள், வானை முட்டும் கோபுரத்தை அண்ணாந்து பார்த்து வியக்கிறார்கள். குனிந்து, அடியில் உள்ள கல்லைப் பார்க்கிறவர்கள் குறைவு.

அந்தக் கல்லில் வரி வரியாகத் தமிழ் எழுத்து வெட்டப்பட்டு இருக்கிறது. அதில் பெரும்பகுதி பாட்டு அல்ல. போர்க் கதையும் அல்ல. அது நகைக் கணக்கு!

இன்ன அம்மனுக்கு இன்ன நகை. அதில் பொன் இவ்வளவு. முத்து இத்தனை. வைரம் இத்தனை.

இந்தக் கணக்கில் அரசன் பெயருக்கு அடுத்தபடி வருவது ஒரு பெண்ணின் பெயர். அவள்தான் குந்தவை. மாமன்னன் ராஜராஜ சோழனின் அக்காள்.

1950-ம் ஆண்டில் தொடங்கி, "கல்கி" எழுதிய "பொன்னியின் செல்வன்" தொடர்கதை, குந்தவையைத் தமிழர்களின் வீடுதோறும் அறிமுகப்படுத்தியது. கதையில் வருகிற குந்தவையிடம் கற்பனை கலந்திருக்கிறது. கல்லில் இருக்கிற குந்தவையோ உண்மையானவள். அவளுடைய வாழ்க்கை, கதையைவிடச் சுவையானது.

பொன் மாளிகையில் மறைந்த தந்தை

குந்தவையின் தந்தை சுந்தர சோழன். தாய் வானவன் மாதேவி. உடன் பிறந்த ஆண்கள் இருவர். ஒருவன் ஆதித்த கரிகாலன். மற்றவன் அருள்மொழி. இந்த அருள்மொழிதான் பிற்காலத்தில் ராஜராஜன் என்று புகழ் பெற்றான்.

அரண்மனையில் பிறந்தாலும், குந்தவை கண்ட துயரங்கள் கொஞ்சம் அல்ல.

பாண்டியனைப் போரில் வென்ற வீரன் ஆதித்த கரிகாலன், சதிகாரர்களால் கொலை செய்யப்பட்டான். தந்தை சுந்தர சோழன், காஞ்சிபுரத்தில் இருந்த பொன் மாளிகையில் உயிர் நீத்தான். அதனால் அவனுக்கு, "பொன் மாளிகைத் துஞ்சின தேவர்" என்ற பெயர் ஏற்பட்டது. துஞ்சுதல் என்றால் உறங்குதல்.

கணவன் இறந்ததும் வானவன் மாதேவி உடன்கட்டை ஏறிவிட்டாள். பால் மணம் மாறாத குழந்தையையும் பிரிந்து அவள் தீயில் இறங்கினாள் என்று, திருக்கோவலூர்க் கல்வெட்டு கூறுகிறது.

குந்தவைக்கு மிஞ்சியவன் தம்பி அருள்மொழி ஒருவன்தான். தந்தைக்குப் பிறகு, உறவினனான உத்தம சோழன் ஆண்டான். அருள்மொழி பொறுத்திருந்தான். 985-ம் ஆண்டில் அவன் அரியணை ஏறினான்.

குந்தவையின் கணவன் பெயர் வல்லவரையன் வந்தியதேவன். தம்பி அரசன் ஆன பிறகும், அக்காளின் மதிப்பு சோழ நாட்டில் குறையவில்லை. நாளுக்கு நாள் வளர்ந்தது.

கணக்குக் காட்டாதவனுக்குப் பதவி இல்லை!

குந்தவை பிறந்த குலத்துக்குக் கணக்கு புதிது அல்ல. அதற்குச் சாட்சி, காஞ்சிபுரத்துக்குத் தெற்கே இருக்கிறது. காஞ்சியிலிருந்து திருப்புலிவனம் வழியாகச் சென்றால் உத்திரமேரூர் வரும். அங்கே 919, 921-ம் ஆண்டுகளில் வெட்டிய கல்வெட்டுகள் இருக்கின்றன. அவை குந்தவையின் பாட்டனைப் பெற்ற முதலாம் பராந்தகன் காலத்தவை.

ஊர்ச்சபைக்கு ஆள் எடுக்கும் முறையை அவை விளக்குகின்றன. பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் இட்டு, ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொல்வார்கள். இதுவே குடவோலை முறை.

ஆனால், எல்லோருடைய பெயரையும் குடத்தில் இட்டுவிட முடியாது. முன்பு பொறுப்பில் இருந்து கணக்குக் காட்டாதவன் பெயரைச் சேர்க்கக் கூடாது. அவனுடைய நெருங்கிய உறவினர்கள் பெயரையும் சேர்க்கக் கூடாது!

அந்த ஊரில் ஏரியைக் கவனிக்க ஒரு வாரியம் இருந்தது. தோட்டங்களைக் கவனிக்க ஒரு வாரியம் இருந்தது. பொன்னைக் கவனிக்கவும் தனியாகப் "பொன் வாரியம்" இருந்தது. பொன் என்றால் மயக்கம் வரும், மயக்கம் வந்தால் களவு வரும் என்பதை ஊரார் அறிந்திருந்தார்கள்.

இந்தக் கட்டுப்பாடு இருந்த நாட்டில் வளர்ந்தவள் குந்தவை.

அக்காளுக்கு அடுத்த இடம்

1010-ம் ஆண்டில் தஞ்சைப் பெரிய கோயில் எழுந்தது. அப்போது ராஜராஜன் ஓர் உத்தரவு போட்டான். தான் கொடுத்தவை, தன் அக்காள் கொடுத்தவை, தன் மனைவிமார் கொடுத்தவை, மற்றவர்கள் கொடுத்தவை ஆகிய எல்லாவற்றையும் கல்லில் வெட்ட வேண்டும் என்பதே அந்த உத்தரவு.

கவனியுங்கள்! மனைவிமாருக்கு முன்னால் அக்காளை வைத்தான் மன்னன்.

குந்தவை அந்தக் கோயிலுக்கு உமா பரமேசுவரியின் செப்புத் திருமேனிகளைச் செய்து கொடுத்தாள். காஞ்சியில் மறைந்த தந்தைக்கும் ஒரு திருமேனி செய்து வைத்தாள். அம்மனுக்குப் பொன்னும் முத்தும் வைரமும் இழைத்த நகைகளை வாரி வழங்கினாள்.

வாரி வழங்கியது பெரிது அல்ல. அரச குலத்தாரிடம் பொன்னுக்குக் குறைவு ஏது? அதை அளந்து, எண்ணி, எழுதி வைத்ததுதான் பெரிது.

காக்கைப் புள்ளியும் கணக்கில் வந்தது

அந்தக் காலத்தில் பொன்னைக் கழஞ்சு, மஞ்சாடி, குன்றி என்று நிறுத்தார்கள். 2 குன்றி ஒரு மஞ்சாடி. 20 மஞ்சாடி ஒரு கழஞ்சு. குன்றி என்பது, வேலியோரத்தில் படரும் குன்றிமணிக் கொடியின் சிறு விதைதான்.

பொன்னை நிறுக்க, "ஆடவல்லான்" என்று பெயரிட்ட எடைக்கல். நகைகளை நிறுக்க, "தட்சிணமேரு விடங்கன்" என்று பெயரிட்ட எடைக்கல். இரண்டும் இறைவனுடைய பெயர்கள். சாமி பெயர் சொன்ன கல்லை வைத்துக்கொண்டு யார் பொய் எடை போடுவார்கள்?

முத்துக்களை உருண்டை, சப்பை, இரட்டை என்று வகை பிரித்து எண்ணினார்கள். வைரங்களில் கீறல் விழுந்தவை, செம்புள்ளி உள்ளவை, காக்கை நிறப் புள்ளி உள்ளவை, வெந்தது போல் இருப்பவை என்று குறைகளையும் எழுதினார்கள். நகைக்குள் இட்ட அரக்குகூட எடைக் கணக்கில் வந்தது.

இப்படி ஏன் எழுத வேண்டும்? நல்ல முத்தை எடுத்துக்கொண்டு மட்டமான முத்தை யாராவது வைத்துவிட்டால், கல்வெட்டு காட்டிக் கொடுத்துவிடும். இரவும் பகலும் தூங்காத காவல்காரன் அது!

குந்தவை ரொக்கமும் கொடுத்தாள். அதைப் பெட்டியில் பூட்டி வைக்கவில்லை. ஊர்ச்சபைகளுக்கு வட்டிக்குக் கொடுக்கச் செய்தாள். முதல் அழியாமல், வட்டியில் பூசையும் திருவிழாவும் நடந்தன.

சிவன், திருமால், அருகன்

திண்டிவனத்துக்கு அருகே தாதாபுரம் என்ற ஊர் இருக்கிறது. முன்பு அதன் பெயர் ராஜராஜபுரம். அங்கே குந்தவை சிவனுக்கு ஒரு கோயில், திருமாலுக்கு ஒரு கோயில், சமணருக்கு ஒரு கோயில் என்று மூன்று கோயில்களைக் கட்டினாள். மூன்றுக்கும் பொன்னும் வெள்ளியும் முத்தும் வழங்கினாள். 1006-ம் ஆண்டில் கொடுத்தவற்றின் விவரம் அங்கேயும் கல்லில் இருக்கிறது.

நோயாளிகளையும் அவள் மறக்கவில்லை. தஞ்சையில் தந்தையின் பெயரால் ஆதுலர் சாலை, அதாவது மருத்துவமனை இருந்தது. தம்பி மகன் ராஜேந்திரன் அரசாண்ட காலத்தில், அதன் வைத்தியருக்காக நிலம் அளித்தாள்.

நகை போயிற்று, எழுத்து நின்றது

ஆயிரம் ஆண்டுகள் ஓடிவிட்டன. குந்தவை அம்மனுக்குச் சூட்டிய அந்த நகைகள் இன்று இல்லை.

ஆனால் கணக்கு இருக்கிறது! 19-ம் நூற்றாண்டின் கடைசியில் உல்ட்சு என்ற ஜெர்மானிய அறிஞர், பெரிய கோயில் கல்வெட்டுகளைப் படி எடுத்துப் பதிப்பித்தார். அதனால்தான் சோழர் காலத்துப் பெண்கள் என்ன நகை அறிந்திருந்தார்கள், தட்டார்கள் எப்படி வேலை செய்தார்கள், முத்தை எப்படித் தரம் பிரித்தார்கள் என்பது நமக்குத் தெரிகிறது. பொன்னைவிடக் கல் உறுதியானது என்பதைக் குந்தவையின் கணக்கு மெய்ப்பித்துவிட்டது.

இந்தச் செல்வம் தஞ்சையில் மட்டும் இல்லை. திருப்புலிவனத்தில், புலிக்கால் முனிவர் வழிபட்டதாகச் சொல்லும் வியாக்கிரபுரீசுவரர் கோயில் இருக்கிறது. அதன் சுவர்களிலும் சோழர் காலத்து எழுத்துக்கள் உண்டு. தமிழ்நாட்டில் இத்தகைய கிராமத்துக் கோயில்கள் எத்தனையோ!

அந்தச் சுவரில் சுண்ணாம்பு பூசினால் ஒரு வரி மறையும். ஆணி அடித்தால் ஓர் எழுத்து உதிரும். உதிர்ந்த எழுத்தை எந்தத் தட்டாரும் மீண்டும் செய்து தர முடியாது.

அடுத்த முறை கோயிலுக்குப் போகும்போது, சாமி கும்பிட்ட பிறகு பிள்ளைகளைச் சுவர் அருகே அழைத்துச் சென்று அந்த எழுத்தைக் காட்டுங்கள். அது நம் வீட்டு நகை. காவல் காக்க வேண்டியவர்களும் நாம்தான்.