லியோன் ஷாம்ராய்

லியோன் ஷாம்ராய் (ஜூலை 16, 1901 – ஜூலை 7, 1974) அமெரிக்கத் திரைப்பட ஒளிப்பதிவாளர் ஆவார். ஹாலிவுட்டின் வண்ணத் திரைப்படக் காலத்தை வடிவமைத்தவர்களுள் இவர் முதன்மையானவர். சிறந்த ஒளிப்பதிவுக்கான அகாதமி விருதுக்கு 18 முறை பரிந்துரைக்கப்பட்டு, நான்கு முறை அவ்விருதைப் பெற்றார். பரிந்துரைகளின் எண்ணிக்கையில் சார்லஸ் லாங் என்பவரும், விருதுகளின் எண்ணிக்கையில் ஜோசப் ருட்டன்பெர்க் என்பவரும் மட்டுமே ஒளிப்பதிவாளர்களுள் இவருக்கு இணையானவர்கள். சினிமாஸ்கோப் முறையில் வெளியான முதல் திரைப்படமான "தி ரோப்" (1953) இவர் ஒளிப்பதிவு செய்ததே. 1958இல் வெளிவந்த "சவுத் பசிபிக்" என்னும் அகலத்திரை இசைத் திரைப்படத்தில் நிறவடிகட்டிகளை இவர் பயன்படுத்திய விதம் இன்றுவரை விவாதிக்கப்பட்டு வருகிறது.

இளமையும் தொடக்கப் பணிகளும்

ஷாம்ராய் நியூயார்க் நகரில் பிறந்தார். இயந்திரப் பொறியியல் பயின்ற இவர், 1920களில் திரைப்படத் துறையில் நுழைந்தார். முதலில் படச்சுருளைப் பதனிடும் ஆய்வகத்தில் பணியாற்றினார். ஒளிப்பதிவுக் கருவியைக் கையாளும் முன்னரே படச்சுருளின் வேதியியலை அறிந்திருந்தது பின்னாளில் இவருக்குப் பெரிதும் உதவியது.

1928இல் இரண்டு சோதனை முயற்சிகளில் பங்கேற்றார். ஒன்று, எட்கர் ஆலன் போவின் சிறுகதையைத் தழுவி சார்லஸ் கிளைன் இயக்கிய "தி டெல்-டேல் ஹார்ட்" என்னும் குறும்படம். மற்றொன்று, பால் ஃபெயோஷ் இயக்கிய "தி லாஸ்ட் மொமென்ட்". இரண்டாவது படத்தின் படிகள் எவையும் இன்று கிடைப்பதில்லை.

1930களில் பாரமவுண்ட் முதலிய நிறுவனங்களின் படங்களில் பணியாற்றினார். ஃபிரிட்ஸ் லாங் இயக்கிய "யூ ஒன்லி லிவ் ஒன்ஸ்" (1937) இக்காலத்தில் இவர் ஒளிப்பதிவு செய்த கறுப்பு வெள்ளைப் படங்களுள் குறிப்பிடத்தக்கது. "தி யங் இன் ஹார்ட்" (1938) இவருக்கு முதல் அகாதமி விருதுப் பரிந்துரையைப் பெற்றுத் தந்தது. அதன் பின்னர் டுவென்டியத் செஞ்சுரி ஃபாக்ஸ் நிறுவனத்தில் சேர்ந்து, தம் பணிவாழ்வின் பெரும்பகுதியை அங்கேயே கழித்தார்.

டெக்னிகலர் காலம்

1940களில் ஹாலிவுட்டின் வண்ணப் படங்கள் பெரும்பாலும் மூன்று சுருள் டெக்னிகலர் முறையில் எடுக்கப்பட்டன. இம்முறையில், வில்லை வழியாக வரும் ஒளி ஒரு முப்பட்டகத்தால் பிரிக்கப்பட்டு, மூன்று தனித்தனிக் கறுப்பு வெள்ளைச் சுருள்களில் சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய கூறுகளாகப் பதிவாகும். இதற்கு மிகுந்த ஒளி தேவைப்பட்டதால், படப்பிடிப்புத் தளம் முழுவதையும் சீராக ஒளியூட்டுவதே அன்றைய வழக்கமாக இருந்தது.

ஷாம்ராய் இவ்வழக்கத்திலிருந்து விலகினார். நிழல்களை நிழல்களாகவே விட்டார். விளக்குகளின் முன் நிறத்தாள்களைப் பொருத்தி, காட்சியின் ஒரு பகுதிக்கு மட்டும் பொன்னிற ஒளியையும் மற்றொரு பகுதிக்கு நீல ஒளியையும் பாய்ச்சினார். கடற்கொள்ளையர் கதையான "தி பிளாக் சுவான்" (1942) படத்தின் மாலை வானங்கள் இம்முறைக்குச் சான்றாகும். இப்படம் இவருக்கு முதல் அகாதமி விருதைப் பெற்றுத் தந்தது. அமெரிக்கக் குடியரசுத் தலைவரின் வரலாற்றைக் கூறும் "வில்சன்" (1944) படத்துக்கு இரண்டாவது விருதும், ஜீன் டியர்னி நடித்த "லீவ் ஹெர் டு ஹெவன்" (1945) படத்துக்கு மூன்றாவது விருதும் கிடைத்தன. கொலையையும் பொறாமையையும் பேசும் இம்மூன்றாவது படத்தில் இருண்ட கதையை இருண்ட படமாக எடுக்காமல், தேன் நிற ஒளியிலும் தெளிந்த நீலத்திலும் காட்டியது இவரது தனித்தன்மையாகக் கருதப்படுகிறது.

1946இல் ஃபாக்ஸ் நிறுவனத்துக்காக மர்லின் மன்றோவை முதன்முதலில் சோதனைப் படம் பிடித்தவரும் ஷாம்ராயே ஆவார். 1947–48இல் அமெரிக்க ஒளிப்பதிவாளர் சங்கத்தின் தலைவராகவும் பணியாற்றினார்.

அகலத்திரையும் இசைத் திரைப்படங்களும்

1950களின் தொடக்கத்தில் தொலைக்காட்சியின் வளர்ச்சியால் அமெரிக்கத் திரையரங்குகளுக்கு வருவோர் குறைந்தனர். அவர்களை மீண்டும் ஈர்க்க, வீட்டில் காண இயலாத பெரிய திரையை நிறுவனங்கள் நாடின. பிரான்சு நாட்டின் ஆன்ரி கிரெத்தியேன் உருவாக்கிய வில்லையை அடிப்படையாகக் கொண்டு ஃபாக்ஸ் நிறுவனம் சினிமாஸ்கோப் முறையை அறிமுகப்படுத்தியது. இவ்வில்லை காட்சியை அகலவாக்கில் பாதியாகச் சுருக்கிப் பதிவு செய்யும். திரையிடும்போது மற்றொரு வில்லை அதை மீண்டும் விரிக்கும். "தி ரோப்" 1953 செப்டம்பர் 16 அன்று நியூயார்க்கில் திரையிடப்பட்டது. தொடக்கக் கால வில்லைகள் அண்மைக் காட்சிகளில் முகங்களை அகலப்படுத்திக் காட்டின. இத்தகைய குறைகளோடு போராடி அகலத்திரைக்கான காட்சியமைப்பை முதலில் வகுத்தோருள் ஷாம்ராயும் ஒருவர்.

இதைத் தொடர்ந்து "தேர் இஸ் நோ பிசினஸ் லைக் ஷோ பிசினஸ்" (1954), "டாடி லாங் லெக்ஸ்" (1955), "தி கிங் அண்ட் ஐ" (1956) ஆகிய இசைத் திரைப்படங்களை ஒளிப்பதிவு செய்தார். இவற்றுள் கடைசிப் படம் சினிமாஸ்கோப் 55 என்னும் முறையில், வழக்கமான 35 மி.மீ. சுருளைவிட அகலமான சுருளில் எடுக்கப்பட்டது.

சவுத் பசிபிக்கும் நிறவடிகட்டிகளும்

பின்னணி

ஜேம்ஸ் மிச்சனரின் கதைகளை அடிப்படையாகக் கொண்டு, ரிச்சர்ட் ராட்ஜர்ஸ், ஆஸ்கர் ஹாமர்ஸ்டைன் ஆகியோர் இசை, பாடல்களுடன் உருவாக்கிய "சவுத் பசிபிக்" நாடகம் 1949இல் பிராட்வேயில் அரங்கேறியது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பசிபிக் தீவொன்றில் பணியாற்றும் அமெரிக்கச் செவிலி ஒருத்தி, பிரெஞ்சுத் தோட்ட உரிமையாளர் ஒருவரைக் காதலிக்கிறாள். அவருக்குப் பாலினேசியப் பெண்ணிடம் பிறந்த குழந்தைகள் இருப்பதை அறிந்து பின்வாங்குகிறாள். இனவேற்றுமை உணர்வை வெளிப்படையாகப் பேசியது இந்நாடகம். மேடையில் இதை இயக்கிய ஜோஷுவா லோகனே 1958இல் திரைப்படத்தையும் இயக்கினார்.

படப்பிடிப்பின் பெரும்பகுதி ஹவாயின் கவாய் தீவில் நடைபெற்றது. 65 மி.மீ. எதிர்ச்சுருளில் எடுத்து 70 மி.மீ. சுருளில் திரையிடும் டாட்-ஏஓ முறை இதற்குப் பயன்படுத்தப்பட்டது.

நோக்கமும் செயல்முறையும்

நாடக மேடையில் பாடல் தொடங்கும்போது விளக்குகளின் நிறம் மெல்ல மாறுவது வழக்கம். பாத்திரங்கள் பேச்சிலிருந்து பாட்டுக்கு நகர்வதை அது இயல்பாக்கும். திரைப்படத்திலும் இதே விளைவைப் பெற லோகன் விரும்பினார். மேடை விளக்குகளைக் கொண்டு கவாய்த் தீவின் கடலையும் வானத்தையும் நிறம் மாற்ற இயலாது. எனவே ஒளிப்பதிவுக் கருவியின் வில்லைக்கு முன் நிறவடிகட்டிகள் பொருத்தப்பட்டன. பாடல் காட்சிகளில் மஞ்சள், பொன்னிறம், ஊதா போன்ற நிறங்கள் படிப்படியாகத் திரையை நிறைத்தன. செவிலி பாடும் காட்சியில் முகமும் சுற்றுப்புறமும் மஞ்சளாயின. எட்டாத தீவைப் பற்றிய "பாலி ஹாய்" பாடலில் கடலும் வானமும் அடுத்தடுத்து நிறம் மாறின.

படச்சுருள் பதனிடப்படும்போது இந்நிறங்களைக் குறைக்கவோ நீக்கவோ முடியும் என்று தமக்கு உறுதி கூறப்பட்டதாக லோகன் பின்னாளில் தெரிவித்தார். ஆனால் படம் முடிவடைந்தபோது திரையரங்குகள் முன்பதிவு செய்யப்பட்டுவிட்டன. திருத்தத்துக்குக் காலம் இல்லை. 1958 மார்ச் 19 அன்று நியூயார்க்கில் படம் அதே நிறங்களுடன் வெளியானது. விமர்சகர்கள் பலர் நிறங்களைக் கண்டித்தனர். இது தம் பணிவாழ்வின் பெரும் தவறுகளுள் ஒன்று என லோகனும் வருந்தினார்.

தொழில்நுட்ப விளக்கம்

நிறத்தை ஆய்வகத்தில் நீக்கிவிடலாம் என்னும் கருத்து ஓரளவே உண்மையாகும். 1950இல் அறிமுகமான ஈஸ்ட்மன்கலர் வகை எதிர்ச்சுருளில் நீலம், பச்சை, சிவப்பு ஆகிய ஒளிகளை உணரும் மூன்று அடுக்குகள் ஒரே சுருளில் அமைந்திருக்கும். மஞ்சள் வடிகட்டி புதிதாக மஞ்சள் நிறத்தைச் சேர்ப்பதில்லை; வரும் ஒளியிலிருந்து நீலத்தைத் தடுக்கிறது. வடிகட்டி வெளிர் நிறமுடையதாயின் நீல அடுக்கில் சற்றுக் குறைவாகவேனும் உருவம் பதிந்திருக்கும். படியெடுக்கும்போது மூன்று நிற ஒளிகளின் அளவை மாற்றி அக்குறையை ஈடுசெய்யலாம். வடிகட்டி அடர் நிறமுடையதாயின் நீல அடுக்கில் போதிய உருவமே பதிவாகாது. பதியாத ஒன்றைப் பின்னர் எவ்வகையிலும் மீட்க இயலாது. மேலும், ஒரே காட்சித் துண்டுக்குள் நிறம் படிப்படியாக மாறும்போது, ஈடுசெய்யும் அளவையும் அதற்கேற்பப் படிப்படியாக மாற்ற வேண்டியிருக்கும்.

மௌனப்பட காலத்தில் இரவுக் காட்சிக்கு நீலமும் விளக்கொளிக் காட்சிக்குப் பொன்னிறமும் ஏற்றப்பட்டதுண்டு. அந்நிறங்கள் திரையிடும் படிக்கு மட்டுமே ஏற்றப்பட்டன; மூல எதிர்ச்சுருள் மாறாமல் இருந்தது. வில்லை முன் வைக்கப்படும் வடிகட்டியோ மூலத்தையே மாற்றிவிடுகிறது.

ஷாம்ராயின் முந்தைய வெற்றிகளிலிருந்து இது வேறுபடுவதும் இவ்விடத்தில்தான். விளக்கின் முன் பொருத்தப்படும் நிறத்தாள் அவ்விளக்கின் ஒளி விழும் இடத்தை மட்டுமே நிறமாக்கும். சுவர் பொன்னிறமாக இருக்க, முகம் இயல்பான நிறத்தில் இருக்கலாம். கண் அம்முகத்தை அளவுகோலாகக் கொண்டு மற்ற நிறங்களை உணரும். வில்லை முன் உள்ள வடிகட்டி முகம், மணல், வெண்ணிற ஆடை, வானம் ஆகிய அனைத்தையும் ஒருசேர மாற்றுகிறது. ஒப்பிட்டுப் பார்க்க இயல்பான நிறம் எதுவும் எஞ்சுவதில்லை. பார்வையை நிறைக்கும் பெருந்திரையில் இம்மாற்றம் மேலும் துலக்கமாகத் தெரிந்தது. மேடையில் விளக்கு மாறுவதை மரபாக ஏற்கும் பார்வையாளர், உண்மையான கடற்கரை தம் கண்முன் மஞ்சளாவதை அவ்வாறு ஏற்கவில்லை.

வரவேற்பு

விமர்சனங்கள் வணிக வெற்றியைத் தடுக்கவில்லை. லண்டனின் டொமினியன் திரையரங்கில் படம் நான்கு ஆண்டுகளுக்கும் மேலாக ஓடியது. பாடல் இசைத்தட்டு பிரித்தானிய விற்பனைப் பட்டியலில் மொத்தம் 115 வாரங்கள் முதலிடத்தில் இருந்தது. சிறந்த ஒலிப்பதிவுக்கான அகாதமி விருதை இப்படம் வென்றது. பெரிதும் குறை கூறப்பட்ட ஒளிப்பதிவும் அவ்விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டது குறிப்பிடத்தக்கது. அவ்வாண்டு வண்ண ஒளிப்பதிவுக்கான விருது மற்றோர் இசைத் திரைப்படமான "ஜிஜி"க்காக ஜோசப் ருட்டன்பெர்க்குக்குக் கிடைத்தது.

பிற்காலப் பணிகள்

ஷாம்ராய் அடுத்த ஆண்டே, ஆட்டோ பிரமிங்கர் இயக்கிய "போர்கி அண்ட் பெஸ்" (1959) என்னும் இசைத் திரைப்படத்தை டாட்-ஏஓ முறையில் ஒளிப்பதிவு செய்து மீண்டும் பரிந்துரை பெற்றார். "கிளியோபாட்ரா" படத்தின் பணிகள் முதலில் இங்கிலாந்தில் வேறு இயக்குநர், வேறு ஒளிப்பதிவாளருடன் தொடங்கிக் கைவிடப்பட்டன. ஜோசப் மாங்கிவிச் இயக்குநராகப் பொறுப்பேற்று ரோம் நகரில் புதிதாகத் தொடங்கியபோது ஷாம்ராய் ஒளிப்பதிவாளரானார். 1963இல் வெளியான இப்படம் இவருக்கு நான்காவது அகாதமி விருதைப் பெற்றுத் தந்தது. அதே ஆண்டில் அதே பிரிவில் "தி கார்டினல்" படத்துக்கும் பரிந்துரைக்கப்பட்டிருந்தார்.

"தி அகனி அண்ட் தி எக்ஸ்டசி" (1965) இவரது 18ஆவதும் இறுதியுமான பரிந்துரையாக அமைந்தது. "பிளானட் ஆஃப் தி ஏப்ஸ்" (1968) படத்தில் அமெரிக்கப் பாலைநிலங்களை வேற்றுக்கோளின் நிலப்பரப்பாகக் காட்டினார். "ஜஸ்டின்" (1969) இவரது கடைசிப் படமாகும்.

குடும்பமும் மறைவும்

ஷாம்ராய் 1953இல் நடிகை மேரி ஆண்டர்சனை மணந்தார். "கான் வித் த விண்ட்", ஆல்பிரட் ஹிட்ச்காக்கின் "லைஃப்போட்" ஆகிய படங்களில் நடித்தவர் இவர். ஷாம்ராய் தமது 73ஆவது பிறந்தநாளுக்கு ஒன்பது நாட்களே எஞ்சியிருந்தபோது லாஸ் ஏஞ்சலஸ் நகரில் காலமானார்.

பெற்ற அகாதமி விருதுகள்

அக்காலத்தில் ஒளிப்பதிவுக்கான விருது வண்ணம், கறுப்பு வெள்ளை என இரு பிரிவுகளாக வழங்கப்பட்டது. ஷாம்ராய் பெற்ற நான்கும் வண்ணப் பிரிவில் பெற்றவை.

- 1942: தி பிளாக் சுவான்
- 1944: வில்சன்
- 1945: லீவ் ஹெர் டு ஹெவன்
- 1963: கிளியோபாட்ரா

மதிப்பீடு

வண்ணத்தை வெறும் அலங்காரமாகக் கொள்ளாமல், கதையின் உணர்வைச் சொல்லும் கருவியாகக் கையாண்டவர் ஷாம்ராய். "லீவ் ஹெர் டு ஹெவன்" படத்தின் வெற்றியும் "சவுத் பசிபிக்" படத்தின் குறையும் இந்த ஒரே நம்பிக்கையிலிருந்து பிறந்தவை. இன்று நிறமாற்றங்கள் பெரும்பாலும் படப்பிடிப்புக்குப் பின் கணினியில் செய்யப்படுகின்றன. விரும்பாவிடில் அவற்றை நீக்கி மூலப் பதிவுக்குத் திரும்பலாம். லோகன் எதிர்பார்த்த அவ்வசதி 1958இல் இருக்கவில்லை. 2009இல் "சவுத் பசிபிக்" புளூ-ரே வட்டாக வெளியிடப்பட்டபோதும் பாடல் காட்சிகளின் நிறங்கள் நீக்கப்படாமல், படம் முதலில் திரையிடப்பட்டவாறே விடப்பட்டன.