கொழும்பு மேடையில் தொடங்கிய துணை: கே.பி. சுந்தராம்பாளின் வாழ்க்கை

தைப்பூசம் நெருங்கினால் ரஹாங், சிரம்பான் வட்டாரத்துக் கோயில்களிலும் வீடுகளிலும் பழைய முருகன் பாடல்கள் ஒலிக்கத் தொடங்கிவிடும். 'திருவிளையாடல்' படத்தில், கோபித்துக்கொண்டு மலையேறிய முருகனை ஔவையார் பாடிச் சமாதானப்படுத்தும் காட்சி மூத்த தலைமுறையினருக்கு மனப்பாடம். அந்த ஔவையார்தான் கே.பி. சுந்தராம்பாள்.

அவர் 1908-ஆம் ஆண்டு ஈரோட்டுக்கு அருகே கொடுமுடியில் ஏழைக் குடும்பத்தில் பிறந்தார். சிறு வயதில் ரயிலில் பாடித் திரிந்தவரை அவரது குரலே நாடகக் கம்பெனியில் சேர்த்துவிட்டது. வேலு நாயர் குழுவில் சிறுவர் வேடங்களில் நடித்துப் பெயர் பெற்றார்.

அக்காலத்தில் தமிழ் நாடகக் குழுக்கள் கப்பலேறி இலங்கைக்கும் மலாயாவுக்கும் சென்று வந்தன. பிழைக்கப் போன தமிழர்களுக்கு ஊரைக் கண்ணில் காட்டியவை அந்த நாடகங்கள். சுந்தராம்பாளும் 1920-களின் நடுவில் கொழும்பு சென்றார். அங்குதான் செங்கோட்டை எஸ்.ஜி. கிட்டப்பாவுடன் ஜோடியாக நடித்தார். ஒலிபெருக்கி இல்லாத காலம் அது. கடைசி வரிசை வரை கேட்கும் உச்சக் குரல் இருவருக்கும் வாய்த்திருந்தது. 'வள்ளி திருமணம்' உள்ளிட்ட நாடகங்களுக்குக் கூட்டம் அலைமோதியது.

மேடைத் துணை 1927-இல் வாழ்க்கைத் துணையானது. ஆனால் கிட்டப்பா ஏற்கெனவே மணமானவர். பிறந்த குழந்தையும் தங்கவில்லை. மனக்கசப்பு வளர்ந்து இருவரும் பிரிந்திருந்த நிலையில், 1933 டிசம்பர் 2-ஆம் தேதி, 27 வயதில் கிட்டப்பா காலமானார். சுந்தராம்பாளுக்கு அப்போது வயது 25.

அன்று முதல் வெள்ளைச் சேலை உடுத்தினார். இனி எந்த ஆணோடும் ஜோடி சேர்ந்து நடிப்பதில்லை என்று உறுதி பூண்டார். நாடக உலகில் ஒரு நடிகைக்கு அது பிழைப்பையே இழக்கும் முடிவு. ஆனால் 1935-இல் வெளிவந்த 'நந்தனார்' படத்துக்காக அவரைத் தேடி வந்தார்கள். சிதம்பரம் காண ஏங்கிய பண்ணையாள் நந்தனாராக ஆண் வேடமேற்று அவரே நடித்தார். சம்பளம் ஒரு லட்சம் ரூபாய். அன்றைக்கு யாரும் நினைத்துப் பார்க்காத தொகை.

பின்னர் 'மணிமேகலை' (1940), ஜெமினியின் 'ஔவையார்' (1953), 'பூம்புகார்' (1964), 'திருவிளையாடல்' (1965) எனத் தேர்ந்தெடுத்தே நடித்தார். துறவி, பாட்டி, பக்தை என ஜோடி தேவைப்படாத வேடங்களே அவருடையவை. காங்கிரஸ் மேடைகளில் விடுதலைப் பாடல்கள் பாடினார். சென்னை மாகாணச் சட்டமேலவை உறுப்பினராகவும் இருந்தார். 'துணைவன்' (1969) படப் பாடலுக்குத் தேசிய விருதும், 1970-இல் பத்மஸ்ரீ விருதும் பெற்றார்.

1980 செப்டம்பரில் அவர் மறைந்தார். கிட்டப்பா போன பிறகு 46 ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தவர், 25 வயதில் எடுத்த உறுதியைக் கடைசிவரை காத்தார்.