தொழிலைக் கேட்டறிந்த மருத்துவர்

இத்தாலியின் வடபால் கார்ப்பி என்னும் சிற்றூரில் 1633ஆம் ஆண்டு பிறந்தவர் பெர்னார்டினோ ராமட்சீனி. பார்மா நகரில் மருத்துவம் பயின்று 1659இல் பட்டம் பெற்றார். ரோமாபுரிக்கு வடக்கே சில காலம் பணியாற்றினார். மலேரியாக் காய்ச்சல் கண்டு ஊர் திரும்பினார். பின்னர் மோதேனா நகரில் குடியேறி, 1682இல் அங்குள்ள பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார்.

இதுவரை அவர் வாழ்வு பிற மருத்துவர்களின் வாழ்வைப் போன்றதே. அதை வேறு வழியில் திருப்பியவர், பெயர் தெரியாத ஒரு துப்புரவுத் தொழிலாளி. ராமட்சீனியின் வீட்டு மலக்குழியை அள்ள வந்த அவர், மூச்சுவிடவும் நேரமில்லாதவர் போல் விரைந்து வேலை செய்தார். ஏன் இந்த அவசரம், மெல்லச் செய்யலாகாதா என்று ராமட்சீனி வினவினார். நான்கு மணி நேரத்துக்கு மேல் அக்குழியில் நிற்பது கண்ணை இழப்பதற்கு ஒப்பாகும் என்பது விடை. அவர் கண்கள் சிவந்து மங்கியிருந்தன. அதே தொழில் செய்து பார்வையிழந்தவர்கள் நகரில் பிச்சையெடுப்பதையும் ராமட்சீனி கண்டார்.

அன்றுமுதல் பட்டறைகளே அவருக்குப் பாடசாலைகளாயின. நோயாளியிடம் கேட்க வேண்டியவை இவை என்று கிரேக்க அறிஞர் ஹிப்போகிரேட்டஸ் வகுத்திருந்தார். அவற்றோடு, நீ செய்யும் தொழில் யாது என்ற கேள்வியையும் சேர்க்க வேண்டும் என்றார் ராமட்சீனி. ஏழை வீட்டுக்குப் போகும் மருத்துவர் முக்காலியிலேனும் அமர்ந்து பொறுமையாக விசாரிக்க வேண்டும் என்பதும் அவர் கொள்கை. தொழிலாளர் நோய்களைப் பற்றி அவர் இலத்தீனில் எழுதிய நூல் 1700இல் வெளிவந்தது. அவ்வாண்டே பதுவா பல்கலைக்கழகம் அவரை அழைத்துக்கொண்டது.

நூலின் இரண்டாம் பதிப்பு 1713இல் வந்தது. அதில் எழுத்தர்களைப் பற்றிச் சேர்த்த பகுதியே என்னை மிகவும் கவர்ந்தது. எழுதுகோலைத் தூக்குவதில் என்ன பாரம்? ஆயினும் எழுத்தர்களின் கை நலிந்தது. ஓயாது உட்கார்ந்திருத்தல், கை ஒரே போக்கில் இடைவிடாது அசைதல், பிழை நேருமோ என்ற மனவிறுக்கம் ஆகிய மூன்றையும் அவர் காரணமாகக் காட்டினார். தேர்வுக்கு முன்னாள் விடிய விடிய நண்பனின் குறிப்பேட்டைப் பார்த்தெழுதும் நமக்கு இது எளிதில் விளங்கும்! அவர் அறிந்த பத்திர எழுத்தர் ஒருவருக்கு வலக்கை முழுவதும் களைத்தது. மருந்து எதுவும் பயன்படவில்லை. கை செயலற்றுப் போயிற்று. பிழைப்புக்காக இடக்கையால் எழுதப் பழகினார். சில காலத்தில் அதையும் அந்நோய் பற்றியது.

பாரமான வேலைதான் கையைக் கெடுக்கும் என்னும் எண்ணம் எளிதில் மறையவில்லை. இன்று ஆலைகளில் கை, தோள் நோய்க்கான இடரை அளக்கும் முறைகள் பல உள. 1993இல் இங்கிலாந்தின் நாட்டிங்ஹாமிலிருந்து வந்த ‘ரூலா’, உடல் வேலைக்காக வளையும் நிலைக்கு 1 முதல் 7 வரை மதிப்பெண் இடுகிறது. ராமட்சீனியின் நாட்டில் ஒக்கிபிந்தி, கொலம்பினி இருவரும் 1990களில் வகுத்த ‘ஓக்ரா’ முறையோ, கை நிமிடத்துக்கு எத்தனை முறை இயங்குகிறது என்று எண்ணுகிறது. நிமிடத்துக்கு 30 செயல்கள் என்ற அளவில் தொடங்கி, விசை மிகுந்தாலோ மணிக்கட்டு கோணினாலோ ஓய்வு குறைந்தாலோ அவ்வெண்ணைக் குறைத்துக்கொண்டே போகிறது. பாரமற்ற எழுதுகோலும் இக்கணக்கிலிருந்து தப்பாது.

முதுமையில் ராமட்சீனியின் கண்ணொளி குன்றியது. எனினும் கற்பிப்பதை விடவில்லை. 1714 நவம்பர் 5ஆம் நாள், பதுவாவில் பாடம் சொல்லப் புறப்படும் வேளையில், மூளையைத் தாக்கிய நோயால் காலமானார். அப்போது அவருக்கு வயது 81.