டிடிக்குத் தரப்படாத நாற்காலி

பிரேசில் கால்பந்து என்றதும் நம் ஊர்ப் பிள்ளைகள் பெலே பெயரைச் சொல்வார்கள். அந்தப் பெலே பதினேழு வயதுப் பையனாக இருந்தபோது, அணியை நடுக்களத்தில் நின்று இயக்கியவர் டிடி. இயற்பெயர் வால்டிர் பெரைரா. 1928இல் காம்போஸ் என்ற ஊரில் கறுப்பினத்தில் பிறந்தார். கரும்பு விளையும் பூமி அது. ஆப்பிரிக்க அடிமைகளின் முதுகில்தான் அந்தக் கரும்பு விளைந்தது. பிரேசிலில் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது 1888இல். டிடி பிறக்க நாற்பதே ஆண்டுகளுக்கு முன்பு!

சிறுவயதில் விளையாடும்போது பட்ட அடி சீழ்ப்பிடித்து, காலையே எடுக்க வேண்டிய நிலை வந்தது. சக்கர நாற்காலியில் இருந்து மீண்டு எழுந்தார். 1949இல் ரியோவின் ஃபுளூமினென்ஸ் கழகத்தில் சேர்ந்தார். பணக்கார வெள்ளையர்கள் வளர்த்த கழகம் அது. 1914இல் ஒரு கலப்பின ஆட்டக்காரர் நிறத்தை மறைக்க முகத்தில் அரிசிமாவு பூசிக்கொண்டு அங்கே களமிறங்கியதாக ஒரு கதை உண்டு. எதிரணி ரசிகர்கள் கேலி செய்த அரிசிமாவு, கழகத்தின் பட்டப்பெயராகவே நிலைத்துவிட்டது. டிடி எதையும் பூசவில்லை. தலை நிமிர்ந்தே ஆடினார்.

1950இல் புதிதாகத் திறந்த மரக்கானா மைதானத்தின் முதல் கோலை அடித்தவர் அவர்தான். அடுத்த மாதம் அதே மைதானத்தில் பிரேசில் உருகுவேயிடம் உலகக் கோப்பையைப் பறிகொடுத்தது. ஆடியவர்கள் பதினோரு பேர். பழி விழுந்ததோ பார்போசா, பிகோடே, ஜுவெனால் என்ற கறுப்பர்கள் தலையில். இதை நம் வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

பந்தை உயர அடித்து, சருகு உதிர்வதுபோல் திடீரென விழச் செய்வது டிடியின் தனி வித்தை. 1957இல் பெரு அணிக்கு எதிராக அப்படி அடித்த ஒரே கோல்தான் பிரேசிலை 1958 உலகக் கோப்பைக்கு அனுப்பியது. இறுதி ஆட்டத்தின் நான்காவது நிமிடத்தில் சுவீடன் கோல் போட்டது. டிடி வலையிலிருந்து பந்தை எடுத்து, அவசரமே இல்லாமல் நடுக்களத்துக்கு நடந்து வந்தார். பதறியவர்கள் அந்த நடையைப் பார்த்து நிதானமானார்கள். 5-2 என வென்றார்கள். தொடரின் சிறந்த ஆட்டக்காரர் டிடிதான், பெலே அல்ல. 1962இலும் கோப்பையை வென்றார்.

பிறகு பயிற்சியாளரானார். எந்தப் பெருவைத் தன் உதையால் வீழ்த்தினாரோ, அந்தப் பெருவே அவரை அழைத்தது. கூபில்யாஸ் போன்ற இளைஞர்களை நம்பி, 1969இல் அர்ஜென்டினாவை அதன் மண்ணிலேயே தடுத்து உலகக் கோப்பையிலிருந்து வெளியேற்றினார். 1970 மே 31இல் பெருவைப் பெரும் நிலநடுக்கம் தாக்கியது. பல்லாயிரம் பேர் மாண்டார்கள். இரண்டே நாளில் மெக்சிகோவில் பல்கேரியாவோடு ஆட்டம். 0-2 எனப் பின்தங்கி, 3-2 என வென்றது பெரு. அந்த ஒரு வெற்றிக்காகவே டிடியைக் கொண்டாடலாம் என்பது நம் எண்ணம்.

காலிறுதியில் எதிரே வந்தது பிரேசில். அதன் பயிற்சியாளர் ஜகாலோ, டிடியோடு இரண்டு கோப்பைகளை வென்ற வெள்ளைத் தோழர். பெரு 4-2 எனத் தோற்றது.

துருக்கியின் ஃபெனர்பாச்சேவுக்கு 1974, 1975 ஆண்டுகளின் லீக் பட்டங்களை வாங்கித் தந்தார். அரிசிமாவுக் கழகமும் அவரைப் பயிற்சியாளராக அமர்த்தியது. பிரேசில் தேசிய அணியின் பொறுப்பு மட்டும், 2001 மே 12இல் ரியோவில் அவர் கண்மூடும்வரை அவருக்குத் தரப்படவே இல்லை.