முத்துப்பழனியைத் தேடிய நாகரத்தினம்

பழனிக்குக் காவடி தூக்கிப் போகிறவர்கள் ஆண்டுதோறும் நம் பொள்ளாச்சிச் சாலையில் நடக்கிறார்கள். அந்தப் பழனியைப் பெயரிலேயே தாங்கிய பெண்பாற்புலவர் ஒருவர் இருந்தார் என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாபசிம்மரின் (1739-1763) அவையிலிருந்த கணிகை முத்துப்பழனி, தெலுங்கில் 'ராதிகா சாந்த்வனமு' பாடினார். அதற்கு முந்திய நூற்றாண்டில் வெனிசு நகரத்துப் பார்பரா ஸ்ட்ரோசி எட்டு இசைத் தொகுதிகளைத் தம் பெயரிலேயே அச்சேற்றினார். இருவரையும் உலகம் மறந்தது.

முத்துப்பழனியைத் தேடி எடுத்தவர் பெங்களூர் நாகரத்தினம்மாள். 1878-இல் நஞ்சன்கூட்டில் தேவதாசிக் குலத்தில் பிறந்தவர். வடமொழி, தெலுங்கு, இசை, நடனம் எல்லாம் பயின்று, சென்னைக்கு வந்து, பாட்டாலேயே பேரும் பொருளும் ஈட்டியவர்.

முத்துப்பழனியின் நூல் முன்பே அச்சில் வந்திருந்தது. ஆனால் எப்படி? பல பாடல்கள் வெட்டப்பட்டு! நாகரத்தினம்மாள் முழுச் சுவடியைத் தேடிப் பிடித்தார். 1910-இல் வாவிள்ள பதிப்பகத்தின் வழியே வெளியிட்டார். பெண்ணின் வேட்கையைப் பெண்ணே பாடலாமா என்று முகம் சுளித்தவர் யார் தெரியுமா? விதவை மணத்துக்காகப் போராடிய கந்துகூரி வீரேசலிங்கம்! ஆண்கள் எழுதிய சிருங்காரத்துக்கு இல்லாத வெட்கம் பெண்ணுக்கு மட்டும் ஏன் என்று முன்னுரையிலேயே மடக்கினார் அம்மையார். 1911-இல் வெள்ளையர் அரசு, ஆபாசம் என்று சொல்லி நூலைத் தடை செய்தது. பிரகாசம் சென்னை மாகாண முதலமைச்சரான பிறகே (1946-47) அந்தப் பூட்டுத் திறந்தது.

திருவையாற்றிலும் அதே கதைதான். கவனிப்பாரற்றுக் கிடந்த தியாகராசர் சமாதிக்குத் தம் கைப்பொருளைக் கொட்டிக் கோயில் எழுப்பினார். 1925-இல் குடமுழுக்கு நடந்தது. கட்டியவர் பெண், ஆராதனையில் பாடும் உரிமையோ ஆண்களுக்கு! அம்மையார் ஒதுங்கி அழவில்லை. 1927-இல் பெண்களைத் திரட்டித் தனி ஆராதனையே நடத்தினார். பிரிந்து நின்ற கட்சிகள் ஒன்றுசேர ஏறத்தாழ 1940 ஆயிற்று.

நமக்கு அவரோடு ஒரு வழக்கும் உண்டு. முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் தேவதாசி முறையை ஒழிக்க முனைந்தபோது நாகரத்தினம்மாள் எதிர்த்து நின்றார். தம் குலப்பெண்களின் கலையும் சொத்துரிமையும் பறிபோகும் என்ற அச்சம் அவருக்கு. அந்த அச்சம் முற்றும் பொய்யென்று சொல்ல மாட்டோம். ஆனால் அதே கொடுமையில் வளர்ந்த மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் அதை ஒழிக்கவே ஊர் ஊராய் நடந்தார். நம் பக்கம் அவர் பக்கம்தான். சட்டம் 1947-இல் வந்தது.

1952 மே மாதம் திருவையாற்றிலேயே அம்மையார் மறைந்தார். தியாகராசர் சமாதியைப் பார்த்தபடி அவருடைய சமாதி இருக்கிறது. ஆண்டுதோறும் ஆராதனையில் பெண்கள் ஆண்களோடு அமர்ந்து பாடுவது அவர் காதில் விழும் தூரத்தில்தான்.