பழைய இயந்திரத்திற்குப் புது மூச்சு: சூப்பர்சார்ஜர் மன்னர் ராபர்ட் மெக்கல்லக்

தோட்டங்களில் வயதான பால்மரங்களைச் சாய்த்து மறுநடவு செய்யும் காலத்தில், காலை முதல் மாலை வரை கேட்கும் செயின்சா ஓசை நம்மவர்களுக்குப் புதிதல்ல. அந்த ரம்பத்தை ஒரே ஆள் தூக்கி வேலை செய்யும் அளவிற்கு இலேசாக்கியவர்களில் முக்கியமானவர், அமெரிக்கத் தொழிலதிபர் ராபர்ட் பேக்ஸ்டன் மெக்கல்லக். லண்டன் பாலத்தை விலைக்கு வாங்கி அரிசோனா பாலைவனத்தில் நிறுத்தியவரும் அவர்தான்.

பழைய கார்களை நேசிப்பவர்கள் அவரை நினைவில் வைத்திருப்பது வேறொரு காரணத்திற்காக. சாதாரண கார் இயந்திரத்திற்குக் கூடுதல் வலிமை தரும் சூப்பர்சார்ஜரை, பந்தயத் திடலிலிருந்து பொதுமக்களின் கார்களுக்குக் கொண்டு வந்தவர்களில் அவர் முன்வரிசையில் இருப்பவர்.

செல்வத்தில் பிறந்தவர்

மெக்கல்லக் 1911ஆம் ஆண்டு மே 11ஆம் தேதி மிசௌரி மாநிலத்தின் செயின்ட் லூயிஸ் நகரில் பிறந்தார். தாய்வழித் தாத்தா ஜான் பெக்ஸ், மின்சார நிலையங்களையும் டிராம் வண்டிகளையும் நடத்திப் பெரும் பொருள் ஈட்டியவர். 1925ஆம் ஆண்டில் தாத்தா இறந்தபோது, அந்தச் சொத்து பேரப்பிள்ளைகள் மூவருக்கும் வந்து சேர்ந்தது. அப்போது மெக்கல்லக்கிற்கு வயது 14.

உட்கார்ந்து சாப்பிட அந்தப் பணம் போதுமானதாக இருந்தது. ஆனால் அவருக்கு இயந்திரங்கள் மீதுதான் ஆசை. மாணவப் பருவத்திலேயே விசைப்படகுப் போட்டிகளில் கலந்து கொண்டு வெற்றிகள் பெற்றார். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்து 1932ஆம் ஆண்டில் பட்டம் பெற்றார். பின்னர், சிறிய இயந்திரங்களுக்குப் பெயர் பெற்ற பிரிக்ஸ் அண்ட் ஸ்ட்ராட்டன் நிறுவனத்தைத் தோற்றுவித்தவர்களில் ஒருவரான ஸ்டீபன் பிரிக்ஸின் மகளை மணந்தார்.

ஊதாங்குழல் செய்யும் வேலை

மில்வாக்கி நகரில் அவர் தொடங்கிய முதல் நிறுவனம் பந்தய இயந்திரங்களையும் சூப்பர்சார்ஜர்களையும் தயாரித்தது. 1930களின் பிற்பகுதியில் ஃபோர்டு வி8 கார்களில் பொருத்தக்கூடிய சூப்பர்சார்ஜரை அந்நிறுவனம் விற்பனைக்குக் கொண்டு வந்தது.

சூப்பர்சார்ஜர் என்ன செய்கிறது என்பதை விறகடுப்பு ஊதியவர்கள் எளிதில் புரிந்து கொள்ளலாம். விறகு எவ்வளவு இருந்தாலும் காற்று போதவில்லை என்றால் புகைதான் மிஞ்சும். ஊதாங்குழலால் ஊதினால் தீ பற்றிக் கொள்ளும். கார் இயந்திரமும் அப்படித்தான். சிலிண்டருக்குள் எவ்வளவு காற்று போகிறதோ அவ்வளவு பெட்ரோலைத்தான் எரிக்க முடியும். சாதாரண இயந்திரம் காற்றைத் தானாக உறிஞ்சிக் கொள்கிறது. சூப்பர்சார்ஜர் அந்தக் காற்றை அழுத்தி உள்ளே தள்ளுகிறது. அதனால் அதே அளவு சிலிண்டரில் அதிகப் பெட்ரோல் எரிந்து அதிக ஆற்றல் கிடைக்கிறது.

அந்த முதல் நிறுவனத்தை அவர் முப்பது வயதைக் கடந்த நிலையில் போர்க்-வார்னர் நிறுவனத்திற்கு 10 லட்சம் டாலருக்கு விற்றார். பின்னர் கலிஃபோர்னியாவிற்குச் சென்று சிறிய பெட்ரோல் இயந்திரங்களில் கவனம் செலுத்தினார். இராணுவப் பயிற்சியில் சுட்டு வீழ்த்தப்படும் ஆளில்லா விமானங்களுக்கும் அவருடைய இயந்திரங்கள் பொருத்தப்பட்டன.

1949ஆம் ஆண்டில் வெளிவந்த 3-25 ரகச் செயின்சா அவருக்குப் பெரும் வெற்றி தந்தது. 3 குதிரைத்திறன், 25 பவுண்டு எடை என்பதே அந்தப் பெயரின் பொருள். அதற்கு முன் பல ரம்பங்களைத் தூக்க இரண்டு பேர் தேவைப்பட்டனர்.

சிறிய இயந்திரம், பெரிய வலிமை

1950களில் அமெரிக்காவில் வி8 இயந்திரப் போட்டி சூடுபிடித்தது. பெரிய நிறுவனங்கள் ஆண்டுக்கு ஆண்டு பெரிய இயந்திரங்களைக் கொண்டு வந்தன. சிறிய நிறுவனங்களுக்கு அந்த வசதி இல்லை. புதிய இயந்திரம் ஒன்றை வடிவமைக்கவே பல கோடி டாலர் தேவைப்படும். இந்த இடைவெளியை மெக்கல்லக் சரியாகப் பிடித்துக் கொண்டார்.

தம் பெயரின் நடுப்பகுதியான பேக்ஸ்டன் என்பதையே பெயராக வைத்துச் சூப்பர்சார்ஜர் பிரிவைத் தொடங்கினார். அங்கு உருவான விஎஸ்57 ரகம், இயந்திரத்தின் முன்புறம் பெல்ட்டால் சுழற்றப்பட்டது. உள்ளே இருந்த எஃகுக் குண்டுகள் பல்சக்கரங்களின் வேலையைச் செய்து, காற்றாடியின் வேகத்தைப் பல மடங்கு கூட்டின. ஓட்டுநர் எண்ணெய்க் கட்டையை முழுமையாக மிதிக்கும்போதுதான் கப்பியின் அளவு மாறிக் காற்றழுத்தம் உயரும். அமைதியாக ஓட்டும்போது இயந்திரத்திற்குத் தேவையற்ற சுமை இல்லை.

1954ஆம் ஆண்டு கைசர் மன்ஹாட்டன் காரில் இது பொருத்தப்பட்டது. 118 குதிரைத்திறனாக இருந்த ஆறு சிலிண்டர் இயந்திரம் 140ஆக உயர்ந்தது. ஸ்டூட்பேக்கர் கோல்டன் ஹாக் காரின் கதை இதைவிடச் சுவையானது. 1956ஆம் ஆண்டில் அதில் கனமான 352 கன அங்குல பேக்கார்டு இயந்திரம் இருந்தது. வலிமை 275 குதிரைத்திறன். அடுத்த ஆண்டு அதை எடுத்துவிட்டு, 289 கன அங்குல இயந்திரத்துடன் மெக்கல்லக்கின் சூப்பர்சார்ஜரை வைத்தார்கள். அதிலும் அதே 275 குதிரைத்திறன் கிடைத்தது.

அதே 1957ஆம் ஆண்டில் ஃபோர்டு தண்டர்பேர்டு கார்கள் சிலவும் இதே சூப்பர்சார்ஜருடன் 300 குதிரைத்திறனில் வெளிவந்தன. ஆனால் அந்த ஆண்டே நாஸ்கார் பந்தய அமைப்பு சூப்பர்சார்ஜருக்குத் தடை விதித்தது. 1958ஆம் ஆண்டில் பேக்ஸ்டன் நிறுவனம் பந்தய உலகில் பெயர் பெற்ற கிரானடெல்லி சகோதரர்களிடம் கைமாறியது.

காப்பாற்ற முடியாதவை

சூப்பர்சார்ஜர் காருக்கு வேகம் தந்தது. நிறுவனங்களின் ஆயுளை அதனால் நீட்டிக்க முடியவில்லை. கைசர் 1955ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவில் பயணிகள் கார் தயாரிப்பை நிறுத்தியது. ஸ்டூட்பேக்கர் பின்னர் பேக்ஸ்டனையே வாங்கி அவந்தி காரில் பயன்படுத்தியது. இருந்தும் 1963ஆம் ஆண்டு டிசம்பரில் சவுத் பெண்டு நகரில் இருந்த அதன் தொழிற்சாலை மூடப்பட்டது. ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் வேலை இழந்தனர்.

பேக்ஸ்டன் பெயர் மட்டும் மறையவில்லை. 1966ஆம் ஆண்டில் கேரல் ஷெல்பி தமது ஜிடி350 மஸ்டாங் கார்களுக்கு அதை விருப்பத் தேர்வாக வழங்கினார். 1960களின் அமெரிக்கக் கார்களைப் புதுப்பிப்பவர்கள் சூப்பர்சார்ஜர் என்றதும் சொல்லும் பெயர்களில் பேக்ஸ்டனும் ஒன்று.

அப்படிப் பொருத்துபவர்கள் மறக்கக்கூடாத சில விதிகள் உண்டு. அழுத்தப்பட்ட காற்று சூடாகும். இயந்திரத்தின் அழுத்த விகிதம் ஏற்கெனவே உயர்வாக இருந்தால் பெட்ரோல் நேரத்திற்கு முன்பே வெடித்துப் பிஸ்டனை உடைக்கும். ஆகவே குறைந்த அழுத்தம், நல்ல தரமான பெட்ரோல், சற்றுத் தாமதமான தீப்பொறி ஆகிய மூன்றும் தேவை. காற்று கார்புரேட்டர் வழியாகத் தள்ளப்படுவதால், எரிபொருள் பம்ப் அந்தக் காற்றழுத்தத்தை மீறிப் பெட்ரோலை அனுப்ப வேண்டும். எல்லாவற்றிற்கும் மேலாக, உள்ளே தேய்ந்துபோன இயந்திரத்தை முதலில் சீர்செய்ய வேண்டும். இல்லையெனில் புது மூச்சே அதற்குக் கடைசி மூச்சாகிவிடும்.

பாலைவனத்தில் ஒரு பாலம்

மெக்கல்லக் வேறு துறைகளிலும் இதே வழியில் நடந்தார். படகு இயந்திரங்களைச் சோதிக்க இடம் தேடியபோது அரிசோனாவின் ஹவாசு ஏரி அவர் கண்ணில் பட்டது. போர்க்காலத்தில் விமானப் படையினர் பயன்படுத்திய அந்த வறண்ட கரையில் 1960களில் ஒரு நகரத்தையே உருவாக்கினார். செயின்சா தொழிற்சாலையையும் அங்கே கொண்டு சென்றார்.

புது நகரத்திற்கு மக்களை ஈர்க்க ஏதாவது வேண்டும். அந்நேரம் லண்டன் மாநகரம், 1831ஆம் ஆண்டில் திறக்கப்பட்டு மெல்ல மண்ணில் புதைந்து கொண்டிருந்த தன் பாலத்தை விற்க முன்வந்தது. 1968ஆம் ஆண்டில் மெக்கல்லக் அதை 24 லட்சத்து 60 ஆயிரம் டாலருக்கு வாங்கினார். அந்த 60 ஆயிரத்திற்கும் ஒரு கணக்கு உண்டு. பாலம் மீண்டும் திறக்கும்போது தமக்கு 60 வயது ஆகியிருக்கும் என்பதால் வயதுக்கு ஆயிரம் டாலர் வீதம் சேர்த்தார்.

கற்கள் எண்ணிடப்பட்டுக் கப்பலில் அமெரிக்கா வந்தன. 1971ஆம் ஆண்டு அக்டோபர் 10ஆம் தேதி பாலம் திறக்கப்பட்டது. அந்தப் பழைய கற்கள் இன்று சுமை தாங்குவதில்லை. உள்ளே புதிதாகக் கட்டப்பட்ட கான்கிரீட்தான் வண்டிகளைத் தாங்குகிறது. வெளியே பழைய அழகு, உள்ளே புதிய வலு. பழைய காருக்குச் சூப்பர்சார்ஜர் வைப்பவர்களுக்கும் இதுவே பாடம்.

மெக்கல்லக் 1977ஆம் ஆண்டு பிப்ரவரி 25ஆம் தேதி, 65 வயதில் காலமானார். அவர் உருவாக்கிய ஹவாசு ஏரி நகரில் இன்று 50,000க்கும் அதிகமானோர் வாழ்கின்றனர். பழைய கார்க் கண்காட்சியில் ஒரு கோல்டன் ஹாக் காரின் முன்மூடியைத் திறந்தால், அவருடைய சூப்பர்சார்ஜரை அங்கே இன்றும் காணலாம்.