நிசிபோர் நியெப்சு

ஜோசப் நிசிபோர் நியெப்சு (மார்ச் 7, 1765 – சூலை 5, 1833) பிரான்சு நாட்டைச் சேர்ந்த கண்டுபிடிப்பாளர் ஆவார். இன்று எஞ்சியுள்ளவற்றுள் மிகப் பழைய ஒளிப்படக்கருவிப் படத்தை எடுத்தவர் இவரே. ஒளியைக் கொண்டு ஒரு பொருளின் கரையும் தன்மையை மாற்றிப் படம் ஆக்கிய முன்னோடியும் இவராவார்.

வாழ்க்கை

சோன் ஆற்றங்கரையிலுள்ள சாலோன் நகரில் வசதியான குடும்பத்தில் பிறந்தார். புரட்சிக் காலத்தில் படையில் பணியாற்றி, உடல்நலக் குறைவால் விலகினார். தமையன் குளோடுடன் சேர்ந்து உருவாக்கிய உள் எரி பொறிக்கு 1807இல் காப்புரிமம் பெற்றார். அப்பொறியை மேம்படுத்தும் முயற்சியிலேயே குளோடு குடும்பச் சொத்தில் பெரும்பகுதியைச் செலவழித்துவிட்டார்.

நிலக்கீல் ஆய்வு

கல்லச்சுக் கலையில் ஈடுபாடு கொண்ட நியெப்சு, கையால் வரையாமல் ஒளியாலேயே அச்சுத் தகடு செய்ய விரும்பினார். 1816இல் வெள்ளிக் குளோரைடு பூசிய தாளில் படங்கள் விழுந்தன. ஆனால் வெளிச்சத்தில் தாள் முழுதும் கருத்துப்போனது. பின்னர் யூதேய நிலக்கீல் எனப்படும் இயற்கைத் தாரை லாவெண்டர் எண்ணெயில் கரைத்து, தகட்டில் மெல்லிய படலமாகப் பூசினார். ஒளி பட்ட இடங்களில் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பிணைந்து படலம் இறுகியது. ஒளி படாத இடங்கள் மட்டும் கரைப்பானில் கழுவப்பட்டுப் போயின. நிலக்கீல் பல பொருள்களின் கலவையே, தூய பல்லுறுப்பி அன்று. எனினும் ஒளியால் பல்லுறுப்பிகளை இறுகச் செய்யும் இக்கால முறைகளின் அடிப்படை இதுவே.

1826 அல்லது 1827இல், சேன்-லூ-த-வரேன் ஊரிலிருந்த தம் வீட்டுச் சாளரக் காட்சியை வெள்ளீயக் கலவைத் தகட்டில் பதிவு செய்தார். இதற்கு எட்டு மணிநேரம் ஆனது என்று நெடுங்காலம் கருதப்பட்டது. சில நாள்கள் ஆகியிருக்கலாம் என்பது பிற்கால ஆய்வாளர் கருத்து.

புகழும் மறதியும்

1827இல் இங்கிலாந்து சென்று அரச கழகத்தை அணுகினார். செய்முறையை முழுமையாக வெளியிட அவர் விரும்பாததால் கழகம் ஏற்கவில்லை. கமுக்கம் காத்ததற்கு அவர் கொடுத்த விலை பெரிது. 1829இல் லூயி டாகுவேருடன் கூட்டு ஒப்பந்தம் செய்துகொண்டு, நான்கு ஆண்டுகளில் காலமானார். 1839இல் பிரெஞ்சு அரசு உலகிற்கு அறிவித்தது வெள்ளித் தகட்டைப் பயன்படுத்திய டாகுவேரின் முறையையே. புகழும் அவருக்கே சென்றது. நியெப்சின் மகன் இசிதோருக்கு ஆண்டு உதவித்தொகை மட்டும் கிடைத்தது. சாளரப் படம் 1952இல்தான் மீண்டும் கண்டெடுக்கப்பட்டது. 1963 முதல் அது டெக்சாசு பல்கலைக்கழகத்தில் உள்ளது.

ஒளிப்படக் கலை வெள்ளியின் வழியே வளர, நிலக்கீலின் வழி அச்சுத் தொழிலுக்குச் சென்றது. இருபதாம் நூற்றாண்டின் நடுவில் கோடாக் நிறுவனத்தின் லூயி மின்சுக் ஒளியால் இறுகும் செயற்கைப் பல்லுறுப்பியை உருவாக்கினார். கணினிச் சில்லுகளின் நுண்கோடுகளும் இத்தகைய படலங்களைக் கொண்டே வரையப்படுகின்றன. சிவகாசியின் ஆப்செட் அச்சுத் தகடுகளிலும் ஒளியுணர் பல்லுறுப்பிப் பூச்சு உண்டு. தென்காசி, குற்றாலம் கடைகளில் தொங்கும் அருவிப்பட நாட்காட்டிகள் அத்தகைய தகடுகளில் அச்சாகி வருபவையே.